நாலு பேர் சேர்ந்து எடுத்த விசா

கீழப்பூவாடி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு மூளை கிடையாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது அபாண்டம். மூளை இருக்கிறது. தேய்ந்துவிடுமோ என்று வெளியில் எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அந்த ஊரிலிருந்து நாலு பேர் அமெரிக்காவுக்குப் போய், நியூ ஜெர்சியில் ஒரு தோசைக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள். வெளிநாடு போனால் புத்தி வந்துவிடும் என்று ஊர் நம்பியது. ஊர் இப்படிப் பலதையும் நம்பும்.

நால்வரில் வைரக்கண்ணு ஒருவனுக்குத்தான் கல்யாணம் ஆகியிருந்தது. கிரீன் கார்டு கிடைத்த கையோடு ஊருக்குப் போய்ப் பவளத்தைக் கட்டிக்கொண்டான். லீவு முடிந்ததும் தனியாகத் திரும்பி வந்தான். அன்றிலிருந்து போனில்தான் குடித்தனம். அவள் அங்கே மிளகாய் வறுத்தால் இவன் இங்கே தும்முவான். பாவம், ஆசையாகக் கட்டிய மனைவியோடு ஒரு வாய் சோறு சேர்ந்து தின்ன முடியவில்லையே என்று அவன் உருகியதைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது.

அவளை அழைத்துக்கொள்ள வழி கேட்டு வக்கீல் ரெஜினா அம்மாவிடம் போனார்கள். தூத்துக்குடிக்காரர், மிகவும் பொறுமைசாலி. மற்ற மூவரும் காரைக் காவல் காக்க, வைரக்கண்ணு மட்டும் உள்ளே போனான்.

"வர்ற மனைவியைக் காப்பாத்த உங்களால முடியும்னு வருமானத்தைக் காட்டணும்," என்றார் அம்மா. "வீட்டுல ஆள் கூடக் கூட, காட்ட வேண்டிய வருமானமும் கூடும். உங்க வீட்டுல எத்தனை பேர்?"

"நாலு பேரும்மா. அவ வந்தா அஞ்சு."

"மத்த மூணு பேரும் உங்களை நம்பி இருக்கிறவங்களா?"

வைரக்கண்ணு விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "நாங்க ஒருத்தரை ஒருத்தர் நம்பித்தாம்மா இருக்கோம்," என்றான்.

மூன்று பிள்ளைகளோ, தம்பிமார்களோ என்று அம்மா நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார். "அஞ்சு பேருக்கு உங்க சம்பளம் பத்தாது. சம்பளத்தைக் கூட்டுங்க, இல்லாட்டி ஆளைக் குறைங்க."

சம்பளத்தைக் கூட்டுவது முதலாளி கையில் இருக்கிறது. ஆளைக் குறைப்பது நம் கையில்தானே என்று நால்வரும் கூடிப் பேசினார்கள். மூத்தவன் அடைக்கலம். இரண்டு ஆண்டு கோயில் கமிட்டியில் இருந்தவன் என்பதால் கணக்கு வழக்கில் அவன் சொன்னதுதான் தீர்ப்பு.

"நம்ம ஊருல கோயில் வரி போடுறப்ப தலையவா எண்ணுறாக?" என்றான் அடைக்கலம். "அடுப்பத்தானே எண்ணுவாக. ஒரு அடுப்புன்னா ஒரு குடும்பம். அடுப்பைப் பிரிச்சுட்டா குடும்பம் பிரிஞ்சுச்சு."

"அப்ப நாமளும் அடுப்பைப் பிரிக்கணுங்கிற," என்றான் காத்தமுத்து.

"பிரிச்சுட்டா இவன் வேற, நாம வேற. வக்கீலம்மாவால என்ன செய்ய முடியும்?"

கடைக்குப் போய் ஆளுக்கொரு கரண்ட் அடுப்பு வாங்கி வந்தார்கள். நாலையும் ஒரே சமையலறையில் ஒரே நேரத்தில் போட்டார்கள். சாம்பார் நாலும் ஒன்றாகப் பொங்கின. ஃபியூஸ் போய், கட்டடம் முழுக்க கரண்ட் நின்றது. மேல்மாடிக்காரர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் கத்தினார். நல்ல மனிதர், அப்புறம் சாம்பார் வாங்கிக்கொண்டுதான் போனார்.

விஷயத்தைக் கேட்ட வக்கீலம்மா, "அடுப்பை யாரு எண்ணச் சொன்னது? வீட்டுக்குள்ள இருக்கிற ஆளை எண்ணுங்க," என்று போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்குள் இருக்கிற ஆள். அப்படியென்றால் வெளியே இருக்கிற ஆள் கணக்கில் இல்லை. அன்றைக்கே அடைக்கலமும் காத்தமுத்துவும் சின்னையாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு, வாசலில் நின்ற காருக்குக் குடிபோனார்கள். வைரக்கண்ணு ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தான்.

அதோடு நிறுத்தியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் வைரக்கண்ணுக்குத் தனியாக இருக்கப் பயம். விடிந்ததும் அவனும் தலையணையோடு காருக்கு வந்து சேர்ந்தான்.

"இப்ப வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டான் சின்னையா.

"ஒருத்தருமில்ல," என்றான் அடைக்கலம்.

"ஒருத்தருமில்லாத வீட்டுக்கு எவ்வளவு வருமானம் காட்டணும்?"

"ஒண்ணும் காட்ட வேணாம்."

நால்வரும் காருக்குள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இடம் போதாததால் ஏற்கெனவே பாதி கட்டிப்பிடித்துத்தான் இருந்தார்கள்.

வக்கீலம்மா இதைக் கேட்டுத் தண்ணீர் குடித்தார். "வீட்டுல யாருமே இல்லைன்னா, உங்க மனைவி யாரோட வந்து இருக்கப் போறாங்க? ஆள் இல்லாத வீட்டுக்கெல்லாம் விசா கிடையாதுப்பா."

அதுவும் நியாயம்தான் என்று நால்வரும் வீட்டுக்குள் திரும்பினார்கள்.

அன்றைக்குப் பவளம் போன் செய்தாள். வைரக்கண்ணு அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னான். பவளமும் கீழப்பூவாடிதான், பிறந்ததும் அங்கேயேதான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நான் வந்தா அஞ்சு பேரு. சரி. நான் வராம இருந்தா?"

"நாலு."

"நாலு பேருக்கு ஒங்க சம்பளம் போதுமான்னு அந்த அம்மாவைக் கேட்டீகளா?"

கேட்கவில்லை. யாருக்கும் தோன்றவே இல்லை. உடனே வைரக்கண்ணு போன் போட்டுக் கேட்டான்.

"நாலு பேருன்னா தாராளமா போதும்," என்றார் வக்கீலம்மா. ஒருவன் வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்து நிம்மதியாகி, வேண்டிய காகிதங்களைத் தயார் செய்யத் தொடங்கினார்.

தோசைக்கடையில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். கீழப்பூவாடியில் வேட்டு போட்டார்கள். பவளம் வராமல் இருப்பதற்குச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவளுக்குச் சொந்தக்காரர்கள் விருந்து வைத்தார்கள், புதுப்பெட்டி வாங்கித் தந்தார்கள், சம்பந்தமே இல்லாதவர்கள்கூட முறுக்கு சுற்றிக் கொடுத்தார்கள்.

மறுநாள் அவள் போன் செய்தபோது குரல் கம்மியிருந்தது. "பெட்டியெல்லாம் கட்டியாச்சு. ஆனா எனக்குப் பயமா இருக்குங்க. இதுக்கு முன்னால நான் அவ்வளவு தூரம் வராம இருந்ததே இல்ல. தனியா எப்படி?"

கட்டின மனைவியைத் தன்னந்தனியாக வராமல் இருக்க விடுவதா? அன்றைக்கே வைரக்கண்ணு டிக்கெட் எடுத்துத் திருச்சிக்குப் பறந்தான்.

ஒரு வாரம் கழித்து வக்கீலம்மா போன் செய்தார். அடைக்கலம் எடுத்தான்.

"காகிதமெல்லாம் தயார். வைரக்கண்ணை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"அவன் ஊருக்குப் போயிட்டானேம்மா."

"ஊருக்கா? எதுக்கு?"

"அந்தப் பொண்ணு தனியா வராம இருக்க முடியாதுன்னுச்சு. அதான் இவனும் போய், ரெண்டு பேரும் சேந்து வராம இருக்காக. ஒரே எலையில சாப்பிடுறாகளாம். ரொம்ப சந்தோசமா இருக்காகன்னு கேள்வி."

வக்கீலம்மா மறுபடியும் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. அடைக்கலம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"வீட்டுல இப்ப நாங்க மூணே பேர்தாம்மா. ஒங்களுக்குத் தெரிஞ்சவுக யாராச்சும் வராம இருக்கணும்னா தயங்காம சொல்லுங்க. இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்கு."