வெடிப்புக்குள் போன தேரை

அந்தக் காலத்தில் தேரைக்கும் பேச்சு இருந்தது. புதுத் தளத்தின் மேல் வயிறு படப் படுத்தால் தளத்தின் தாகம் அதற்குத் தெரிந்துவிடும். "தண்ணி கேக்குது" என்று சொல்லும். உடனே வைக்கோலைப் பரப்பி நீர் ஊற்றுவார்கள். எந்தத் தளமும் வெடித்ததில்லை.

சிலம்பாயி சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துத் தளம் போடுகிறவள். புருஷன் செத்த பிறகு அவளுக்குத் துணை ஒரு தேரைதான். ஈரச் சாக்கில் சுற்றி, போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போவாள்.

தானிய வியாபாரி ஆவுடையப்பனின் புதுக் கடைக்குத் தளம் போட்டாள். அது இறுகும் முன்பே அவன் மூட்டை வண்டிகளோடு வாசலில் வந்து நின்றான்.

"மேகம் கட்டுது. மூட்டையெல்லாம் இப்பவே உள்ளே போகணும். தளம் ஆயிடுச்சா?"

"தேரையைக் கேட்டுச் சொல்றேங்க."

"கேளு. இந்தத் தெருவுல எல்லாக் கடைக்கும் தளம் போடப் போறாங்க. உன் பேரைச் சொல்றதா, வேற ஆளைச் சொல்றதான்னு நான் யோசிக்கணும்."

அவள் உள்ளே போய், தளத்தில் படுத்திருந்த தேரையின் அருகே குந்தினாள்.

"இன்னும் தாகம் அடங்கலே. பாரம் ஏத்துனா பிளந்துடும்," என்றது தேரை.

"ஆயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லேன். இந்த வேலை போச்சுன்னா நாம எங்கே போறது?"

"பொய் வேணும்னா நீயே சொல்லிக்கோ. அவர் வந்து கேட்டார்னா நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்."

வாசலில் ஆவுடையப்பன் செருமினான். சிலம்பாயி சட்டியிலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பை வழித்துத் தேரையின் வாய்க்குள் அப்பினாள். அது அவள் கையிலேயே கிடந்து துடித்தது. கீழே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"தேரை ஒண்ணும் சொல்லலேங்க. தளம் ஆயிடுச்சு."

பாதி மூட்டை அடுக்குவதற்குள் வாசலிலிருந்து பின்சுவர் வரை தளம் பிளந்தது.

"என்ன இது?" என்றான் ஆவுடையப்பன்.

"தேரை தண்ணியே கேக்கலேங்க. நான் என்ன செய்யட்டும்?"

எல்லாரும் தேரையைப் பார்த்தார்கள். அது வாயைத் திறந்தது. 'கர்' என்று ஒரு கரகரப்பு மட்டும் வந்தது. வெந்துபோன நாக்கு அவளுக்குத் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆவுடையப்பன் தேரையைத் துடைப்பத்தால் தள்ளினான். அது நகர்ந்து நகர்ந்து வெடிப்புக்குள் போய்விட்டது.

அவள் சொன்னதை நம்பித் தெரு வேலையை அவளிடமே கொடுத்தார்கள். ஆனால் வேறெந்தத் தேரையும் அவள் தளத்தில் வந்து உட்காரவில்லை. குத்துமதிப்பாகத் தண்ணீர் ஊற்றினாள். அடுத்த கடையும் வெடித்தது, அதற்கடுத்ததும் வெடித்தது. பிறகு அவளை யாரும் கூப்பிடவில்லை.

ஆவுடையப்பனின் கடை பூட்டியிருக்கும் நாட்களில் அவள் வாசலில் உட்கார்ந்து, கதவுக்கு வெளியே நீண்டிருந்த வெடிப்பில் தண்ணீர் ஊற்றுவாள். "வெளியே வாயேன்" என்பாள். உள்ளிருந்து 'கர்' என்று மட்டும் கேட்கும். தண்ணீர் கேட்கிறதா, தன்னைச் சபிக்கிறதா என்று சாகும்வரை அவளுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்துதான் தேரைகள் வெடிப்புக்குள் ஒடுங்கிக் கரகரக்கின்றன. தளம் போடுகிறவர்களும் அதன் தாகம் தெரியாமல், பாத்தி கட்டி நாள்கணக்கில் தண்ணீர் தேக்கிவிட்டு, வெடிக்குமோ என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.