பிரேக் லைட் பல்பு

2018 மே மாதம், ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணி. மேசைமேல் மூன்று பழைய பவர் சப்ளைகள். மூன்றாவதன் தகரத்தில் சாக்பீஸால் ‘செத்தது’ என்று எழுதிக்கொண்டிருந்தார் சூசைராஜ்.

பழைய கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கும் கடை அது. கோவையில் அதை நடத்தும் மெஹருன்னிசாவுக்கு வயது முப்பத்தாறு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற சூசைராஜ் அவரிடம் தொழில் கற்க வந்து நான்கு மாதமாகிறது.

“அதுக்குள்ள சர்டிபிகேட்டே எழுதியாச்சுங்களாண்ணா?”

“வீங்கின கெப்பாசிட்டரையெல்லாம் மாத்திட்டேன் அம்மிணி. வயர் ஒண்ணு விடாம கழட்டிட்டுத்தான் ஆன் பண்ணுனேன். மீட்டர் அசையல. ஃபேன்கூடச் சுத்தல.”

“எல்லாத்தையும் எதுக்குக் கழட்டுனீங்க?”

“லைனைச் சோதிக்கறதுன்னா முதல்ல லோடை, அதான் கரண்டு இழுக்கறதையெல்லாம், எடுத்துருவோம். முப்பது வருசப் பழக்கம்.”

மெஹருன்னிசா சிரித்தார். “கம்பம் ஏறுன கை. சும்மா இருக்குமா?”

சூசைராஜ் சிரிக்கவில்லை. சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“ஒண்ணு கேக்கறேன் அம்மிணி. என் சம்சாரம் ரெஜினாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசமாச்சு. இதயம் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். இவ என்னடான்னா சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கா. நேத்து முழுக்க ஒரு வார்த்தை பேசல. கூடவே இருந்தும் கைநழுவிப் போயிருவாளோன்னு இருக்கு.”

“வீட்டுல அக்கா என்ன வேலை பாக்கறாங்க?”

“வேலையா? ஒரு துரும்பை அசைக்க விடறதில்ல நான். சமையல், துணி எல்லாம் என் பொறுப்பு. டியூஷன் பிள்ளைகளையும் வேற இடம் பாத்துக்கச் சொல்லிட்டேன். எத்தனை வருசம் கணக்குச் சொல்லிக் குடுப்பா? வாசல் போர்டையும் கழட்டியாச்சு. நான் என்ன குறை வெச்சேன், சொல்லுங்க.”

மெஹருன்னிசா ‘செத்தது’ என்று எழுதியிருந்த சப்ளையைத் தன் பக்கம் இழுத்தார். டப்பாவிலிருந்து கார் பிரேக் லைட் பல்பு ஒன்றை எடுத்து, சப்ளையின் ஐந்து வோல்ட் வயர்களில் மாட்டினார். சுவிட்சைத் தட்டினார்.

ஃபேன் ஒருமுறை செருமியது. பிறகு சுற்றத் தொடங்கியது. பல்பு மங்கலாக, மஞ்சளாக எரிந்தது. மீட்டர் ஐந்து காட்டியது.

சூசைராஜ் குனிந்து பார்த்தார். “என்ன பண்ணுனீங்க?”

“ஒண்ணும் பண்ணலைங்ணா. இந்த மாதிரிப் பழைய சப்ளை, கரண்டை வாங்கிக்க எதிர்ல ஒண்ணு இருந்தாத்தான் எந்திரிக்கும். இல்லாட்டிப் படுத்துக்கும்.”

சூசைராஜ் கட்டைவிரலால் தகரத்திலிருந்த எழுத்தை அழித்தார். பாதியில் நிறுத்தினார்.

“தாங்காம போயிட்டா?” குரல் இறங்கியிருந்தது.

“அதுக்குத்தானுங்ணா சின்ன பல்பு. எடுத்த எடுப்புல மதர்போர்டையே மாட்டுங்கன்னா சொன்னேன்?”

சூசைராஜ் மீதி எழுத்தையும் அழித்தார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பினார்.

2018 ஜூன் 4, திங்கட்கிழமை மாலை, ரெஜினாவின் டியூஷன் மறுபடி தொடங்கியது. வந்தது ஒரே ஒரு பிள்ளை.