முதலாளி ஆடிய ஆட்டம்

கோயம்புத்தூரில் தண்டபாணி என்றொரு முதலாளி. ஆளுக்கொரு வேஷம் கட்டி, பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேஜை விளையாட்டுக்கு, கதை சொல்லும் ஏஐ ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அதைச் சோதிப்பவள் கைக்குழந்தைக்காரி பிலோமினா.

ஆட்டம் தொடங்குமுன், "கதையில் எது வரவேண்டாம்?" என்று ஏஐ எல்லோரையும் கேட்கவேண்டும் என்றாள் அவள்.

"இது கோழைகளைக் கேக்கற கேள்வி," என்றார் முதலாளி. "இது வேணும்னு ஒரே ஆட்டத்துல காட்டு அம்மணி. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதே."

"சரிங்க சார். தைரியசாலி ஆடினாத்தானே நியாயம்? நீங்களே உட்காருங்க."

ஆபீஸே சிரித்தது. அவர் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அரக்கனை வெட்டினார், கோட்டையைப் பிடித்தார். பிலோமினாவின் முறை வந்தது. "நான் வாய்க்கால் ஓரமாகப் போகிறேன்," என்றாள்.

ஏஐக்கு என்ன தெரியும்? தண்ணீரிலிருந்து ஒரு குழந்தை கைநீட்டி, "அப்பா" என்று கூப்பிடுவதாகக் கதையை வளர்த்தது.

முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நிறுத்துங்க," என்றார். அவர் மகள் வாய்க்காலில் மூழ்கிச் செத்தது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் முன்னால் அதைப்பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

கேள்வி அன்றைக்கே ஏஐயில் ஏறிவிட்டது. வேலையும் நிலைத்தது. எல்லோரும் அவளுக்குக் கைகொடுத்தார்கள்.

மாலையில் லிஃப்ட் வாசலில் அவர் கேட்டார்: "தெரிஞ்சேதான் அந்தப் பக்கம் போனியா?"

"ஆமாங்க."

"தனியா வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பேனே, அம்மணி."

கேட்டிருப்பாரோ, மாட்டாரோ. அவள் ஒரு தரம்கூடத் தனியாகச் சொல்லிப் பார்க்கவில்லை.