முதுகு காட்டாத யானை

அந்தக் காலத்தில் ஆட்டுக்குட்டிக்கும் பேச்சு வரும், எறும்புக்கும் பேச்சு வரும். பேச வேண்டிய நேரத்தில் பேசினார்களா என்பது வேறு விஷயம்.

அப்போது ஓர் ஆற்றங்கரையில் வஞ்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் சாத்தன் இலுப்பைத் தோப்புக்குக் காவல் போகிறவன். அவர்களுக்கு அரும்பு என்று ஒரே பெண் குழந்தை. பதினான்கு மாதம் முடிந்தும் அரும்பு நடக்கவில்லை. நிற்க வைத்தால் நிற்பாள். கையை விட்டால் அப்படியே உட்கார்ந்துகொண்டு, நீதான் ஏதோ தப்புச் செய்துவிட்டாய் என்பதுபோல நிமிர்ந்து பார்ப்பாள்.

பக்கத்து வீட்டில் சாத்தனின் தங்கை சடைச்சி இருந்தாள். அவளுக்குத் தினமும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

"என்ன மதினி, உன் மக உக்காந்தபடியே கல்யாணம் பண்ணிக்கப் போறாளா?"

"மாப்பிள்ளைய நீதானே பாக்கப் போற. உக்காந்திருக்கிறவனாப் பாரு" என்பாள் வஞ்சி. சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுவதும் அந்தப் பேச்சு அவள் மனதில் கிடந்து உறுத்தும்.

அந்த வீட்டு முற்றத்துப் புழுதியில் ஒரு பூச்சி இருந்தது. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். மண்ணின் நிறம், உப்பிய வயிறு, முகத்தில் தந்தம்போல இரண்டு கொம்பு. அதனால் எல்லோரும் அதை யானை என்றே கூப்பிட்டார்கள். காட்டில் இருந்தது பெரிய யானை, முற்றத்தில் இருந்தது சின்ன யானை, அவ்வளவுதான். வஞ்சி மட்டும் மரியாதையாக "யானையாரே" என்பாள். அது யானைக்கு மிகவும் பிடிக்கும்.

அப்போது யானை முன்னோக்கித்தான் நடந்தது. அதிலும் வேகமாக நடந்தது. முற்றத்தில் தன்னைப்போல நடக்க ஆளில்லை என்று அதற்கு ஒரு நினைப்பு. நடக்கும்போது திரும்பிப் பார்க்கவே பார்க்காது.

பங்குனி பிறந்து இலுப்பைப் பூ உதிரத் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் வஞ்சி அரும்பை முற்றத்தில் நிற்க வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, "வா, வா, அம்மாகிட்ட வா" என்று ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனாள். அரும்பு அசையவில்லை. வஞ்சிதான் பின்னால் போய்ப் போய் உரலில் இடித்து விழுந்தாள். அரும்பு கைகொட்டிச் சிரித்தாள். யானையும் சிரித்தது.

"தாயி, முதுகுல கண்ணா இருக்கு உங்களுக்கு? நடக்கத் தெரிஞ்சவங்க இப்படியா நடப்பாங்க?"

"நீங்க நடந்து காட்டுங்களேன் யானையாரே" என்று இடுப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள் வஞ்சி.

யானை அரும்பின் கால்களுக்கு முன்னால் வந்து நின்றது. பிறகு கொம்பைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தது. புழுதியில் ஊசியால் கோடு போட்டதுபோல ஒரு தடம் விழுந்தது. அரும்பு குனிந்து பார்த்தாள். பிடிக்கக் கை நீட்டினாள். எட்டவில்லை. ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள். மூன்றாவது அடியில் விழுந்து, தானே எழுந்து நாலாவது அடியையும் வைத்தாள்.

வஞ்சிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் குழந்தை உட்கார்ந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து யானை முன்னால் போகும், அரும்பு பின்னால் போவாள். அவள் அரைஞாண் கயிற்றில் ஒரு வெண்கல மணி கட்டியிருந்தது. அந்த மணிச் சத்தம் பின்னால் கேட்கிறவரை யானைக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எறும்புகள் வரிசையில் போகும்போது கேலி செய்தன.

"பின்னால யாரு வர்றாங்கன்னு பாக்காமலே போறியே?"

"என் பின்னால வர்றவங்க விட்டுட்டுப் போக மாட்டாங்க" என்றது யானை.

பத்து நாள் போனது. வஞ்சி ஓலைப் பாய் விரித்து முற்றம் முழுக்க இலுப்பைப் பூவைக் காயப் போட்டிருந்தாள். வீடு முழுவதும் அந்த இனிப்பு வாடை. புறக்கடையில் நெல் அவிய வேண்டும். சாத்தன் தோப்பில் இருந்தான். சடைச்சி தண்ணீருக்குப் போயிருந்தாள்.

"யானையாரே, நெல்லு ஒரு கொதி வர்ற வரைக்கும் பிள்ளையப் பாத்துக்கறீங்களா? வேலியில ஒரு இடம் பிரிஞ்சு கெடக்கு. அந்தப் பக்கம் மட்டும் விட்றாதீங்க."

"நீங்க போங்க தாயி. இது ஒரு வேலையா?"

யானை நடக்கத் தொடங்கியது. வழியில் பாயின் மேல் ஏறி, பூக்களின் நடுவே ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியது. பூவின் இனிப்புச் சாறு அதன் முதுகில் ஒட்டிக்கொண்டது. பின்னால் மணி கேட்டது. உரலைச் சுற்றியது, மணி கேட்டது. மாட்டுத் தொட்டி வரை போனது, அப்போதும் கேட்டது. இன்று பிள்ளை விழாமல் நடக்கிறாளே என்று யானைக்குப் பெருமையாக இருந்தது. சாயங்காலம் வஞ்சியிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துக்கொண்டே போனது.

தொட்டிக்குப் பின்னால் முதுகில் ஈரமாக ஏதோ பட்டது. யானை திரும்பிப் பார்த்தது.

ஆட்டுக்குட்டி. கொட்டிலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து யானையின் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் வெண்கல மணி. அந்த மணியையும் குழந்தையின் மணியையும் சாத்தன் ஒரே சந்தையில் சேர்த்து வாங்கியிருந்தான்.

"பிள்ளை எங்க?"

"எந்தப் பிள்ளை?" என்றது ஆட்டுக்குட்டி. "நீ இனிக்கிறே. அதான் வந்தேன்."

முற்றத்தில் அரும்பு இல்லை. பாயருகே எறும்புகள் வரிசையாகப் பூத்துணுக்கைத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தன.

"பிள்ளையப் பாத்தீங்களா?"

"பாத்தோமே" என்றது முன்னால் போன எறும்பு. "பொன்வண்டு ஒண்ணு பறந்துச்சு. அது பின்னாலேயே வேலியத் தாண்டி ஆத்துக்குப் போயிட்டா."

"எப்போ?"

"நீ உரலைச் சுத்தினப்போ."

"சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கலையே" என்றது எறும்பு. "எங்களுக்கு வேலை கெடக்குது" என்று வரிசை நகர்ந்தது.

புறக்கடையில் வஞ்சி அடுப்பில் விறகைத் தள்ளும் சத்தம் கேட்டது. நாலு எட்டு வைத்தால் அவளிடம் சொல்லிவிடலாம். யானைக்கு வாய் வரவில்லை. நாமே போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்தது. வேலி ஓட்டைக்குள் நுழைந்து ஓடியது.

ஆறு வற்றி மணலாகக் கிடந்தது. கோடையில் அந்த ஊர்ப் பெண்கள் ஆற்று மணலில் அகலமாகக் குழி தோண்டி, அடியில் ஊறும் தண்ணீரை மொண்டுகொள்வார்கள். சடைச்சி போயிருந்தது மேற்கே இருந்த புது ஊற்றுக்கு. கரைக்கு நேர் கீழே இருந்தது பழைய ஊற்று. யானை அதன் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தது.

அரும்பு அடியில் இருந்தாள். முழங்கால் அளவு கலங்கல் தண்ணீரில் நின்றுகொண்டு மேலே ஏறக் காலை வைத்தாள். வைத்த இடத்து மணல் சரிந்து வந்து அவள் காலை மூடியது. இன்னொரு காலை வைத்தாள். இன்னும் கொஞ்சம் சரிந்தது. அழுது அழுது குரல் கம்மிவிட்டது. மணல் தொடைக்கு வந்திருந்தது.

"அசையாதே கண்ணு, அசையாதே!" என்று கத்திக்கொண்டே யானை சரிவில் உருண்டது. துவரம்பருப்பால் ஒரு பிள்ளையைத் தூக்க முடியுமா? கத்தியது. அதன் கத்தல் குழியைத் தாண்டவில்லை. அப்போதுதான் அதற்கு உறைத்தது. மேலே இருக்கிறவர்களில் ஒருத்தருக்கும் பிள்ளை இங்கே இருப்பது தெரியாது. தெரியாமல் செய்ததே தான்தான்.

யானை தலையை மணலுக்குள் விட்டு எக்கி, ஒரு கொத்து மணலை மேலே வீசியது. மறுபடி வீசியது. நிறுத்தாமல் வீசியது. கழுத்து விண்டுபோகும்போல வலித்தது. மணல் வெயிலில் மினுங்கிக்கொண்டு குழிக்கு மேலே எழும்பி விழுந்தது. அரும்பு அழுகையை நிறுத்தி அதைப் பார்த்தாள். பார்க்கிறவரை கால் அசைக்கவில்லை.

வீட்டில் வஞ்சி நெல்லை இறக்கி வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். ஆட்டுக்குட்டி மணியை ஆட்டிக்கொண்டு பாயில் பூவைத் தின்றுகொண்டிருந்தது. வஞ்சி அதைப் பார்த்தாள், பிரிந்து கிடந்த வேலியைப் பார்த்தாள். கரைக்கு ஓடினாள். ஆறு வெறிச்சென்று கிடந்தது. ஓர் இடத்தில் மட்டும் மணல் புகைபோல எழும்பி எழும்பி அடங்கியது.

அவள் குழிக்குள் இறங்கி, இரண்டு கையாலும் மணலைத் தள்ளி, பிள்ளையைப் பிடுங்கி எடுத்தாள். அரும்பின் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு யானையும் மேலே வந்தது. வஞ்சி போட்ட சத்தம் கேட்டுச் சடைச்சி குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நடந்தது என்ன என்று யானை சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஆட்டுக்குட்டியைச் சொன்னது. எறும்பைச் சொன்னது. அடுப்படிச் சத்தம் கேட்டும் வந்து சொல்லாமல் ஓடியதையும் சொன்னது.

"இதையெல்லாம் நம்பிப் பிள்ளைய விட்டியா மதினி? கீழ போடு, மிதிச்சுத் தள்றேன்" என்றாள் சடைச்சி.

வஞ்சி கரையில் உட்கார்ந்துவிட்டாள். யானையை உள்ளங்கையில் வைத்திருந்தாள். விரலை மடக்கினால் போதும்.

"சத்தம் கேட்டுகிட்டே இருந்துச்சு தாயி" என்றது யானை.

வஞ்சி கையிலிருந்த யானையைக் குனிந்து பார்த்தாள்.

"எனக்கும்தான் கேட்டுச்சு" என்றாள். "அடுப்படியில உக்காந்துகிட்டு நானும் அந்த மணியத்தான் கேட்டுகிட்டிருந்தேன். கேக்குதே, கேக்குதேன்னு எழுந்தே வரல."

சடைச்சி முந்தானையால் பிள்ளையின் காலைத் துடைத்தாள்.

"ஆனா என்கிட்ட வந்து சொல்லாமப் போனீங்க பாருங்க யானையாரே, அதுதான் என்னால தாங்க முடியல" என்று சொல்லி, வஞ்சி அதை மணலில் இறக்கி விட்டாள்.

அடுத்த நாள் யானை முற்றத்து ஓரத்திலேயே நின்றது. உள்ளே வர அதற்குத் தைரியம் இல்லை. அரும்பு மறுபடி உட்கார்ந்துவிட்டாள். வஞ்சி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, "வா, வா" என்று பின்னால் போனாள். இந்த முறை யானை சிரிக்கவில்லை, அவளுடைய கண்களைப் பார்த்தது. பின்னால் உரல் இருக்கிறதா, தொட்டி இருக்கிறதா என்று அவை தேடவில்லை. பிள்ளையை விட்டு இமைப்பொழுதும் நகரவில்லை.

யானை புழுதியில் இறங்கி வந்தது. அரும்புக்கு முன்னால் நின்று, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தபடியே காலைப் பின்னால் எடுத்து வைத்தது. அதுவரை அப்படி நடந்ததில்லையாதலால் கோணிக் கோணிப் போனது. அரும்பு எழுந்தாள். ஓர் அடி வைத்தாள். யானை உரலில் முட்டியது. அப்போதும் திரும்பாமல் சுற்றிக்கொண்டு போனது.

"தாயி, இனிமே பிள்ளைக்கு முதுகு காட்ட மாட்டேன்."

"பாப்போம்" என்றாள் வஞ்சி. அன்று அவள் அடுப்படிக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் போனாள்.

பின்னோக்கியே சுற்றிச் சுற்றி நடந்ததில் யானை புழுதிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஆற்று ஊற்றுபோலவே ஒரு சின்னக் குழி விழுந்தது. யானை அதன் அடியிலேயே தங்கிவிட்டது. எந்தப் பிள்ளையாவது சறுக்கி விழுந்தால், கீழே ஏற்கெனவே ஒருவர் இருக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றியது. பிள்ளைகள் விழவில்லை. எறும்புகள்தான் விழுந்தன. "இங்க குழி இருக்குன்னு சொல்லக் கூடாதா?" என்று கத்தின. "நீங்க கேக்கலையே" என்று யானை மணலை வீசியது. இன்றுவரை அதற்கு எறும்புதான் சாப்பாடு.

அன்று முதல்தான் குழியானை என்று அதற்குப் பேர் வந்தது. இலுப்பை பூக்கும் நாளில் வீட்டோரத்துப் புழுதியில் அதன் குழிகளைப் பார்க்கலாம். தோண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டால் பின்னால்தான் நடக்கும். விரல் நுனியிலிருந்து விழப்போகிற நேரத்திலும் திரும்பாது. எடுத்த பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு போகும்.