ஜிப் வைத்த பெல்பாட்டம்

“இதப் போட்டுக்கிட்டு தெருவைக் கூட்டியிருப்பாங்க போலடி!”

தையல்கடை வாசலில் நின்ற இரண்டு கல்லூரிப் பெண்களில் ஒருத்தி அடுத்தவளின் காதில் சொன்னாள். சொன்னவளின் தொளதொள பலாசோ பேண்ட்டின் விளிம்பும் தரையில்தான் புரண்டது.

கடைக்குள் உட்கார்ந்திருந்த தணிகாசலத்துக்கு அது கேட்டுவிட்டது. மடியில் விரித்திருந்த பழுப்பு நிற பெல்பாட்டம் பேண்ட்டை அவசரமாகச் சுருட்டினார்.

அவருக்கு எழுபது வயது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பவுனு இறந்த பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தையல் கற்றுக்கொள்ள வந்தார். சொல்லிக்கொடுக்கும் பிலோமினாவுக்கு முப்பத்திரண்டு. ஆனாலும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

பெண்கள் போனதும் பேண்ட்டை மேசைமேல் போட்டார்.

“இதை வெட்டி காய்கறிப் பை தெச்சிடலாம் மாஸ்டர்.”

“நல்ல துணியாச்சே ஐயா. எப்ப எடுத்தது?”

“கல்யாணத்தப்ப. ஊரே இப்படித்தான் திரிஞ்சுது. நாலு வருஷம். அப்புறம் ஒருத்தனும் சீண்டல.” துணியைத் தள்ளிவிட்டார். “வந்த வேகத்துல போற கூத்துக்கு எதுக்கு மாஸ்டர் மனுஷன் இவ்வளவு ஆசைப்படுறான்?”

பிலோமினா பேண்ட்டின் கால்களைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு விளிம்பிலும் சுற்றிப் பித்தளை ஜிப் தைத்திருந்தது.

“இது எதுக்கு?”

“தரையில உரசிக் கிழியுமில்ல? அதுக்குத்தான். அப்ப நிறைய பேர் வெச்சுக்குவாங்க.”

“பைக்கு அகலமான துணி இந்த இடத்துலதான் இருக்கு. முதல்ல ஜிப்பைப் பிரிங்க.”

பிளேடை எடுத்து உட்கார்ந்தார். சாப்பாட்டு வேளை வந்தும் நாலு விரல் நீளம்தான் பிரிந்திருந்தது.

“என்ன ஐயா, இன்னுமா?”

“எறும்பு மாதிரி தையல் மாஸ்டர். ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை போட்டிருக்கா. பிளேடு நுழைய மாட்டேங்குது.”

“யாரு தெச்சது?”

“பவுனுதான். அவளுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. டெய்லர்கிட்ட குடுத்துக்கலாம் விடுன்னேன். கேக்கல. ரெண்டு நாள் உக்காந்து விரலெல்லாம் குத்திக்கிட்டா.” அவருக்குச் சிரிப்பு வந்தது. “நடந்தா இந்த ஜிப்பு கரகரன்னு சத்தம் போடும். நான் தெருமுனையில வரும்போதே அவளுக்குக் கேட்டுடும். வீட்டுக்குள்ள நுழையுறப்ப காப்பித்தண்ணி கொதிச்சுக்கிட்டிருக்கும்.”

பிலோமினா பிரித்த இடத்தை விரலால் தடவினாள்.

“நாலு வருஷத்துக்குன்னு நினைச்சுப் போட்ட தையலா ஐயா இது?”

தணிகாசலம் பிளேடைப் பெட்டிக்குள் வைத்தார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பழுப்பு நூலை ஊசியில் கோத்து, பிரித்த நாலு விரல் நீளத்தையும் கையாலேயே தைத்தார். ஒவ்வொரு தையலையும் இரண்டு தடவை போட்டார்.