அவிழ்க்காத காப்பு

ஆற்றங்கரை மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். வாசலில் நரைமீசையோடு உட்கார்ந்திருக்கும் ஒச்சப்பனைப் பார்த்ததும் பொத்தென்று காலில் விழுந்துவிடுவார்கள். அவர் பதறிப்போய், "ஐயோ, நான் இல்லீங்க! சாமி உள்ளே இருக்காரு" என்பார். உள்ளே போனால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். "பெரியவர் எங்கேப்பா?" என்று அவரிடமே கேட்பார்கள்.

அவர்தான் குரு. பழைய சாமி கண்ணை மூடும்போது மடத்தை இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். ஊரில் சின்னச்சாமி என்றுதான் பேர். தன்னைவிட மூத்தவர்களை அண்ணே, அக்கா என்றே கூப்பிடுவார். சீடர் ஒச்சப்பனும் அவருக்கு அண்ணன்தான். துறந்தவருக்கு உறவுமுறை எதற்கு என்று யாராவது வம்புக்குக் கேட்டால், "அண்ணன்னு கூப்பிட்டா சொத்துல பங்கா கேட்கப்போறாரு?" என்று சிரிப்பார்.

ஒச்சப்பன் சிரிக்கமாட்டார். அவர் சிரித்து மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

மடத்துக்கு அவர் காவல். யாரும் வைத்த காவல் இல்லை, அவராக எடுத்துக்கொண்டது. பாம்பு வந்தால் அடிக்கவிடமாட்டார், பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட்டு வருவார். பிள்ளைகள் ஆற்றில் குளித்தால், கடைசிப் பிள்ளை கரையேறும்வரை இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். நல்லா இருங்கய்யா என்று எந்தத் தாயாவது வாழ்த்திவிட்டால் போச்சு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். வெறுந்தரையில்தான் படுக்கை. ஒருவேளைச் சோறு, அதுவும் மடத்துப் பானைச் சோறு. தனி ஆள் கையிலிருந்து ஒரு வெற்றிலைகூட வாங்கமாட்டார். வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த கயிறு ஒன்று இருக்கும். திருவிழாவுக்குக் கட்டுகிற காப்பு அது. திருவிழா முடிந்ததும் எல்லோரும் அவிழ்த்துவிடுவார்கள். இவர் அவிழ்க்கவே இல்லை.

ஏன் என்று ஊருக்கே தெரியும்.

ஆற்றின் நடுவில் ஒரு மணல் திட்டு. அதில் அம்மன் கோயில் இருந்தது. சித்திரையில் திருவிழா. ஆற்றில் அப்போது கணுக்கால் தண்ணீர்தான் ஓடும், ஜனம் நடந்தே திட்டுக்குப் போகும். ஆனால் மேற்கே மலையில் கோடைமழை கொட்டினால் சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் வந்து நிற்கும். அதற்காகக் கரையில் ஒரு ஆளை நிறுத்துவார்கள். பூசாரி அவன் கையில் காப்புக் கட்டுவார். கட்டிவிட்டால் அவன் கரையைவிட்டு நகரக்கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, பாயில் படுக்கக்கூடாது, கோயில் சோறு தவிர வேறு யார் கையிலும் எதையும் வாங்கக்கூடாது. தண்ணீர் நிறம் மாறினால் கொம்பு ஊதவேண்டும். இதுதான் வேலை.

அந்த வருஷம் ஒச்சப்பனுக்குக் கட்டினார்கள். வாலிப வயசு. அவர் ஊதினால் அடுத்த ஊரில் கேட்கும். மண்டையைப் பிளக்கிற வெயில். அவருக்கு நிச்சயம் பண்ணியிருந்த தாய்மாமன் மகள் இருளாயி, பாவம் நா வறண்டு நிற்கிறாரே என்று ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். கரையில் நின்று வாங்கினால் நாலுபேர் பார்ப்பார்கள். புளியமரத்துக்குப் பின்னால் போய் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அவளை ஏதோ கேலியும் பண்ணினார். அவள் வெட்கப்பட்டு ஓடினாள். திரும்பிப் பார்த்தால் ஆறு செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது.

கொம்பை எடுத்து ஊதினார். குதித்தார். எத்தனையோ பேரை இழுத்துக் கரையில் போட்டார். அஞ்சு பேர் கிடைக்கவில்லை. ஒரு பிள்ளைத்தாச்சி அதில் உண்டு. காப்புக் கட்டிவிட்ட பூசாரியும் உண்டு.

ஊர் அவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மரத்துக்குப் பின்னால் நின்றதை அவரே பஞ்சாயத்தில் சொன்னார். "நடக்கணும்னு இருந்தா நடக்கும், விடுப்பா" என்று எழுந்து போய்விட்டார்கள். திருவிழா பாதியில் நின்றது. அதற்குப்பிறகு அம்மனையே ஊருக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். புதுப் பூசாரி காப்பை அவிழ்க்க வந்தபோது ஒச்சப்பன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கட்டின கைதான் அவிழ்க்கணும்."

கட்டின கை ஆற்றோடு போயிருந்தது. கல்யாணப் பேச்சும் அதோடு போனது. அன்றைக்கு மடத்து வாசலில் வந்து உட்கார்ந்தவர்தான்.

இருளாயி வேறு யாருக்கும் கழுத்தை நீட்டவில்லை. அமாவாசைக்கு அமாவாசை மடத்துக்கு வருவாள். தூக்குவாளியில் பணியாரமோ கொழுக்கட்டையோ இருக்கும். "அங்கே வை" என்பார் ஒச்சப்பன், ஆற்றைப் பார்த்தபடியே. அவள் போனதும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார். இப்படியே இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. நினைத்தால் வயிறு எரிகிறது, என்ன செய்ய.

இந்த அமாவாசைக்கு இருளாயி தூக்குவாளி கொண்டுவரவில்லை. ஒரு துணிப்பையோடு வந்தாள்.

"அண்ணன் குடும்பம் திருப்பூருக்குக் குடிபோயிருச்சு மாமா. அண்ணன் மகனுக்கு அங்கேதான் வேலை. வீட்டைப் பூட்டிச் சாவியைக் குடுத்தாச்சு. நானும் போறேன். சாயங்கால பஸ்ஸு."

"நல்லா இரு."

"நல்லா இருக்கவா போறேன்? நாலு சுவத்துக்குள்ள கெடக்கப் போறேன்." அவள் பையைக் கீழே வைத்தாள். "நீங்களும் வாங்கன்னு கூப்பிடத்தான் வந்தேன். வரலேன்னா இது கடைசி. இனிமே அம்மாசைக்கு அம்மாசை அம்புட்டுத் தூரம் வந்து போக உடம்புல தெம்பு கெடையாது."

ஒச்சப்பனுக்கு வர்றேன் என்கிற சொல் நாக்குவரை வந்துவிட்டது. உடனே செம்மண் தண்ணீர் கண்ணுக்குள் ஓடியது. எழுந்து உள்ளே போனார்.

சின்னச்சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, அவளைப் போகச் சொல்லுங்க."

"யாரை?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும்."

"தெரியும். நீங்க பேர் சொல்லி நான் கேட்டதே இல்ல. அதான் கேட்டேன்."

ஒச்சப்பன் சிரமப்பட்டுச் சொன்னார். "இருளாயியை."

"போகட்டும்னு நெனைக்கிறீங்களா அண்ணே, போயிடுவாளேன்னு பயமா இருக்கா?"

"ரெண்டும்தான் சாமி."

"அப்போ கூடப் போங்களேன்."

"எப்படிப் போவேன்? ஒரு சொம்பு மோருக்கு ஆசைப்பட்டேன், அஞ்சு உயிர் போச்சு. நான் ஆசையே படக்கூடாத ஆளு. வீடு, பொண்டாட்டி, சுடுசோறு... எனக்கு எப்படித் தொண்டையில எறங்கும்? எல்லாரும் உன் மேல தப்பு இல்லங்கறாங்க. நீங்களும் அதைத்தான் சொல்லப்போறீங்க."

"இல்லையே. நீங்க மரத்துக்குப் பின்னால போனது தப்புதான்."

ஒச்சப்பன் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு மனுஷன், ஒரே ஒரு மனுஷன் அதைச் சொல்லிவிட்டார். அவருக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தலைப்பாகைத் துண்டை உருவி முகத்தைப் பொத்திக்கொண்டார். சின்னச்சாமி தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. மிச்சக் கீரையை ஆய்ந்து முடித்தார். பிறகு கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க. எனக்கு ஒரே தாகமா இருக்கு."

வெளியே வேப்பமரத்தடியில் இருளாயி உட்கார்ந்திருந்தாள். சாமியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அக்கா, அடுப்படியில உறியில தயிர் இருக்கு. ஒரு சொம்பு மோர் கரைச்சுக் குடுங்களேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒரு அடி பின்னால் போனாள்.

"வேற யாரையாவது கரைக்கச் சொல்லுங்க சாமி."

"ஏன், உங்களுக்குக் கரைக்கத் தெரியாதா?"

"நான் மோரைத் தொடறதில்ல."

"எப்பலேருந்து?"

"அன்னையிலேருந்துதான்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "என் கை மோரு அஞ்சு உயிரைக் குடிச்ச மோரு சாமி. வேணாம்."

பின்னால் நின்ற ஒச்சப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எவன் சொன்னான்?" என்று கத்தினார். அவர் கத்தியதைக் கேட்டு மரத்துக் காக்கைகள் பறந்தன. "உன்னை அப்படிச் சொன்னவன் எவன்? சொல்லு, யாரு?"

இருளாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் மாமா."

"நானா? நான் ஒருநாளும் அப்படிச் சொல்லலியே!"

"வாயைத் தொறந்து சொல்லணுமா? அதுக்கப்புறம் என் கையிலேருந்து ஒரு பணியாரம் வாங்கினீங்களா? என் மூஞ்சியைப் பார்த்தீங்களா? ஒவ்வொரு அம்மாசையும் வந்து நின்னேன். ஒவ்வொரு அம்மாசையும் நீங்க அதையேதான் சொல்லி அனுப்பினீங்க."

ஒச்சப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஊரைக் காத்தார், ஆற்றில் குளிக்கிற பிள்ளைகளைக் காத்தார், கடிக்க வந்த பாம்பைக்கூடக் காத்தார். மாசாமாசம் வாளியோடு வந்து நின்ற ஒருத்தியைத் தன் கையாலேயே ஆற்றில் தள்ளிக்கொண்டிருந்தது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

"அது தாகத்துக்குக் குடுத்த மோருடி" என்றார். "வெயில்ல நின்னவனைப் பார்த்துப் பாவப்பட்டுக் குடுத்த. அதுல என்ன குத்தம்? காவல் நான். விட்டது நான்."

"இதை அப்பவே சொல்லியிருந்தா நான் வெயில்காலத்துல ஒரு வாய் மோர் குடிச்சிருப்பேனே."



"மோர் வருமா, வராதா?" என்றார் சின்னச்சாமி. "தொண்டை காயுதுக்கா."

இருளாயி முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மத்துச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. சொம்போடு வந்து சாமியிடம் நீட்டினாள். சின்னச்சாமி வாங்கவில்லை.

"முதல்ல அண்ணனுக்குக் குடுங்க."

"நான் காப்புக் கட்டினவன் சாமி" என்றார் ஒச்சப்பன். "கை நீட்டக்கூடாது. கட்டினவரும் இல்ல."

சின்னச்சாமி அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு மஞ்சக்கயிறு எத்தனை நாளைக்குத் தாங்கும் அண்ணே?"

"ஆறு மாசம் வரும். தண்ணியில நின்னா அதுவும் வராது."

"இது புதுசா இருக்கே."

"சித்திரையில கட்டினது."

"கட்டின கை எது?"

ஒச்சப்பன் குனிந்து கயிற்றைப் பார்த்தார். கயிறு இற்றுப்போகும்போதெல்லாம் பழைய மஞ்சள் துண்டை எடுத்துப் புதுக் கயிற்றில் கோத்து, இடது கையாலும் பல்லாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டது அவரேதான். கட்டின கை என்று அவர் சொல்லித்திரிந்த கை அவர் மடியில்தான் கிடந்தது.

முடிச்சு ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. நகத்தால் நெருடினார், வரவில்லை. பல்லால் கடித்தார். இருளாயி உதவிக்குக் கையை நீட்டப்போனாள். சின்னச்சாமி வேண்டாம் என்று தலையசைத்தார். வெகுநேரம் கழித்துக் கயிறு கழன்று மண்ணில் விழுந்தது. கயிறு இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

ஒச்சப்பன் சொம்பை வாங்கினார். முதல் வாய் உள்ளே இறங்கவில்லை. புரையேறியது. இருளாயி அவர் தலையில் தட்டினாள். இரண்டாவது வாய் இறங்கியது. உப்பு கொஞ்சம் தூக்கல், பழக்கம் விட்டுப்போன கை அல்லவா. பாதி குடித்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

"நீயும் குடி."

அவள் குடித்தாள். மிச்சம் இருந்ததைச் சின்னச்சாமி பிடுங்கிக் குடித்துவிட்டு, "அப்பாடா" என்றார்.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இருளாயி பையை எடுத்தாள். ஒச்சப்பனிடம் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, மாற்று வேட்டி ஒன்றைத் தவிர. அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாமியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். வாசல்வரை நடந்தார். அங்கே நின்றுவிட்டார். ஆற்றைப் பார்த்தார். கணுக்கால் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் திட்டு வெறுமனே கிடந்தது. அவர் கால் அதற்குமேல் நகரவில்லை.

முன்னால் போன இருளாயி திரும்பிப் பார்த்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனவள் அவள். பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாமி" என்றார் ஒச்சப்பன். "அந்த அஞ்சு பேரு? அவங்களை இங்கே அம்போன்னு விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

சின்னச்சாமி வாசலுக்கு வந்தார். அவரும் கொஞ்சநேரம் ஆற்றைப் பார்த்தார்.

"அவங்க எங்கே இங்கே இருக்கப்போறாங்க? உங்ககூடத்தான் வருவாங்க, திருப்பூருக்கும் வருவாங்க. டிக்கெட்டு மட்டும் ரெண்டு எடுங்க அண்ணே, போதும்."