கருவூலத் தலைவர் வீட்டுக்குள் கடைத்தெரு

முன்னொரு காலத்தில் ஒரு மன்னருக்கு, யானை மேல் ஏறிக் கடைத்தெருவைச் சுற்றிவர வேண்டும் என்று திடீர் ஆசை வந்தது. போனார். பாதி வழியில் யானை சிக்கிக்கொண்டது. காரணம், கருவூலத் தலைவர் அரியநாயகம். முன்கூடம் கட்டுகிறேன் பேர்வழி என்று பாதித் தெருவை விழுங்கியிருந்தார் அந்தப் புண்ணியவான். பிரசவ வலி கண்ட பெண்களைக்கூட ஊரைச் சுற்றித்தான் தூக்கிப் போனார்கள். அவரை யார் தட்டிக் கேட்பது?

“தெரு பிறவியிலேயே குறுகல், மன்னா! நம் விகடன் சாத்தையன்தான் பெரிய கெட்டிக்காரனாயிற்றே, அவன் அகலப்படுத்தட்டும்” என்றார் அரியநாயகம். சாத்தையனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

மன்னருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. “சாத்தையா, நாளை மாலைக்குள் தெரு அகலமாக வேண்டும். ஒரு செங்கல் பெயரக் கூடாது. யாரையும் வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. தவறினால் நீ நாட்டைக் காலி செய்!”

“தெருவில் நடக்க மக்களுக்கு உரிமை உண்டா, மன்னா?” என்று கேட்டான் சாத்தையன்.

“இதென்ன கேள்வி? தெரு எல்லோருக்கும் பொது. நடப்பவரைத் தடுத்தால் சிறை!”

“அது போதும் மன்னா.”

மறுநாள் நண்பகல். தெருவின் இரு முனைகளிலும் நட்டிருந்த பழைய எல்லைக்கற்களுக்கு நடுவே சாத்தையன் கயிறு கட்டினான். அது அரியநாயகத்தின் கூடத்தில் ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் வெளியே வந்தது.

“கயித்துக்கு இந்தப் பக்கம் எல்லாம் தெரு! ராஜா உத்தரவு, தாராளமா நடங்க!” என்று மக்களைப் பார்த்துக் கூவினான்.

கூடத்தில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அரியநாயகத்தைத் தாண்டி மேளதாளத்தோடு ஒரு கல்யாண ஊர்வலம் போனது. பின்னால் வந்த எருமை அவருடைய பாயசத்தை நக்கியது.

“ஐயா, நடுத்தெருவில் உட்கார்ந்து சாப்பிடலாமா? உடம்புக்கு ஆகாதே!” என்றான் சாத்தையன்.

ஆரவாரம் கேட்டு மன்னரே வந்துவிட்டார்.

“மன்னா, இது என் வீடு!” என்று அலறினார் அரியநாயகம்.

“செங்கல் பெயரவில்லை, மன்னா. யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை. மக்கள் தெருவில் நடக்கிறார்கள். தடுப்பவருக்கு என்ன தண்டனை என்று தாங்களே சொல்லிவிட்டீர்கள்.”

“ஐயையோ, வேண்டாம்! நானே இடித்துவிடுகிறேன்!”

“அப்படிப் போடு!” என்று குதித்தாள் புளி விற்கும் பவளக்கொடி.

“அக்கா, உங்க கூடை எந்தப் பக்கம் இருக்கு?” என்றான் சாத்தையன்.

அவள் குனிந்து பார்த்தாள். கூடை கயிற்றைத் தாண்டித் தெருவில் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே இழுத்தாள். மற்ற கடைக்காரர்களும் சரக்கை இழுத்துக்கொண்டார்கள். தெருவில் தாங்கள் போட்ட குப்பையைத் தாங்களே கூட்டி அள்ளினார்கள்.

மன்னருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னும் நீட்டினால் இந்தக் கயிறு எங்கே போகும்?”

“அரண்மனைப் பூந்தோட்டத்துக்குள், மன்னா.”

எல்லோரும் மன்னரின் முகத்தைப் பார்த்தார்கள். மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையனுக்குப் போட்டார். பிறகு விறுவிறுவென்று நடந்து போய்த் தோட்டத்து வேலியின் முதல் கம்பைத் தாமே பிடுங்கினார். இரண்டாவது கம்பைப் பிடுங்க ஊரே முண்டியடித்தது.